இனிப்புக் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு இனிப்புக் கடை வரிசையில் நிற்கும் அன்பர்களே,



உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். வண்டியைக் கடை வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு வந்திருப்பீர்கள். வீட்டம்மா பின் இருக்கையிலேயே உட்கார்ந்து, முந்தானை சக்கரத்தில் சிக்காமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு மணிக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்ற கேள்வி பாதி வழியில்தான் வந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பையனிடம், தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "ஒரு கிலோ, எல்லாம் கலந்து போடுங்க தம்பி" என்பீர்கள். அவர் பெட்டியை மடித்து, நிறுத்து, ரப்பர் பேண்ட் போட்டு நீட்டுவார். ஐந்து நிமிடத்தில் கடமை முடிந்தது.

அந்தப் பெட்டிகள் வந்து சேரும் வீடுகளில் என்னுடையதும் ஒன்று. மதுரையில் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாதத்துக்கு ஒரு முறையாவது யாரையாவது கூப்பிட்டுச் சாப்பாடு போடாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். அப்படிப் போட்டுப் போட்டு, உங்கள் பெட்டிகளை வாங்கி வைத்து வைத்து, சொல்ல வேண்டியது கொஞ்சம் சேர்ந்துவிட்டது. குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தப் பெட்டியின் கதையைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மருமகளுக்கு இனிப்பு பிடிக்காது. மகன் மட்டும் ராத்திரி ஒரு துண்டு, காலையில் ஒரு துண்டு எடுப்பான். மிச்சம் ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தயிர் எடுக்கும்போதெல்லாம் அதை இறக்கி ஏற்ற வேண்டும். நாலாம் நாள் திறந்து முகர்ந்து பார்த்து, பாதியைக் கீழ் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் குப்பையில் போடுவேன். போடும்போது உங்கள் முகம் நினைவுக்கு வரும். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் வீடு ஒன்றும் அதிசய வீடு இல்லை. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. நீங்கள் அழைப்பு மணியை அழுத்தும் வீட்டில் ஒருவராவது மாத்திரை போடுகிறவராக இருப்பார் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பெட்டியை வாங்கித் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதிலும் நெய்யும் மாவும் முந்திரியும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் விதி. தட்டுக்கு முன்னால் சின்ன அட்டையில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. மைசூர்பாகு பல நாள் தாங்கும், சில பால் இனிப்புகள் ஓரிரு நாளில் புளிக்கும். எல்லாவற்றையும் கலந்து போடச் சொன்னால், பெட்டியின் ஆயுள் அதில் சீக்கிரம் கெடுகிற துண்டின் ஆயுள்தான்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். பத்துக் குறளும் சோறு போடுகிறவரிடம்தான் பேசுகின்றன. வருகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு குறள்கூடக் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், விருந்தாளிக்கு ஐயன் ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டாள். "அதை உங்க அம்மாச்சிகிட்ட கேளு" என்று சொல்லி உட்கார வைத்தேன். வகுப்பைச் சமாளிக்கத்தான் அப்படிச் சொன்னேன். யோசித்தால், சரியான பதில்தான் அது.

அம்மாச்சிகள் சொன்னது இதுதான்: குழந்தை இருக்கிற வீட்டுக்கு, வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கு, கோயிலுக்கு வெறுங்கையோடு போகாதே. கையில் என்ன இருக்கும்? தோட்டத்தில் காய்த்தது இருக்கும். நாலு தேங்காய், ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். அதற்கு விலை கிடையாது. வாங்கிக்கொள்கிறவர் மனசில் கணக்கும் ஓடாது. போகும்போது வந்த பை வெறுமனே திரும்பாது. அவர்கள் கொல்லையில் இருந்த எலுமிச்சையாவது நாலு உள்ளே விழும்.

கணக்கு ஓடும் விருந்தும் நம்மிடம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போடுவார்கள், வாசலில் நோட்டுப் போட்டு, யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதுவார்கள், அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். ஊரே கூடிக் கைமாற்றுக் கொடுக்கும் ஏற்பாடு அது. அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் வீட்டு விருந்துக்கு நோட்டு கிடையாது. நோட்டு இல்லாத இடத்தில் நீங்களாக ஒரு கணக்கைத் திறந்துவிடக் கூடாது. ஒரு முறை மகனுடைய நண்பர் ஒருவர் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொண்டுவந்து கொடுத்தார். நான் போட்டது இட்லியும் கோழிக் குழம்பும். அவர் வீட்டுக்கு நாங்கள் என்ன கொண்டுபோவது என்று யோசித்து யோசித்தே ஆறு மாதம் அவர் வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டோம். நல்ல மனிதர். அவர் கொடுத்த வெள்ளியே நடுவில் நின்றுகொண்டது.

இனி எட்டு மணிக்கு எங்கள் அடுப்படியை எட்டிப் பாருங்கள். ஒரு அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. இன்னொன்றில் கோலா உருண்டைக்கு எண்ணெய் காய்கிறது. மருமகள் கை முழுக்கக் கறி மசாலா. நான் இலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அழைப்பு மணி அடிக்கிறது.

முதலில் வந்தவர் கையில் பொக்கே. பளபளவென்று சுற்றிய தாள், உள்ளே பத்துப் பதினைந்து ரோஜா, நடுவில் பெயர் தெரியாத வெளிநாட்டுப் பூ. எங்கள் வீட்டில் பூச்சாடி கிடையாது. சொம்பில் வைத்தேன், சாய்ந்தது. குடத்தில் வைத்தேன், உள்ளே மூழ்கியது. எண்ணெய் புகைகிற வாசனை வரவும், அதைக் குளியலறை வாளியில் நிற்க வைத்துவிட்டு ஓடினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ உள்ளே போனவர் யார் தெரியுமா? பொக்கே கொண்டுவந்தவரேதான். வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்தவர் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம். "உருகிடும்க்கா, உடனே ஃப்ரீசர்ல வச்சிருங்க" என்றார். ஃப்ரீசரில் மறுநாளைக்கு வாங்கிய வஞ்சிரம் துண்டுகள் இருந்தன. மீனை வெளியே எடுத்து, ஐஸ்கிரீமை உள்ளே வைத்து, மீனை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாமவர், சொல்லாமல் கொள்ளாமல், ஆசை ஆசையாகப் பாசிப்பருப்புப் பாயசம் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தார். நானும் பாயசம் வைத்திருந்தேன். இரண்டையும் பரிமாற, எது நன்றாக இருக்கிறது என்று யாரும் வாயைத் திறக்க முடியாமல் போனது.

மூன்று பேரும் அன்போடு வந்தவர்கள்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு வேலையையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். விருந்து நடக்கும் ராத்திரிக்கென்று எதுவும் கொண்டுவராதீர்கள். அந்த ராத்திரிக்கு என்னென்ன வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் இரண்டு நாளாக யோசித்து வைத்திருப்பார்கள். மறுநாள் காலையைப் பற்றித்தான் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குக் கொண்டுவாருங்கள்.

அந்தக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கால் வலி. தொட்டி நிறையப் பாத்திரம். மாவுச் சட்டி வழித்து வைத்தாயிற்று. டிக்காஷன் போட டப்பாவைத் திறந்தால், நேற்று எட்டுப் பேருக்குக் காபி போட்டதில் அடியில் ஒரு ஸ்பூன் தூள். அந்த நேரத்தில், நேற்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போன காபித்தூள் பொட்டலத்தைப் பிரித்தால், உங்களை வாழ்த்தாமல் இருப்பார்களா?

காபித்தூள் என்றால் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். 200 கிராம் போதும். அரைத்த தூள் நாளாக நாளாக மணத்தை இழந்துவிடும், கிலோக் கணக்கில் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. சிக்கரி எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நூற்றுக்கு இருபது. எதிர் வீட்டில் சிக்கரி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

கைப்பக்குவம் உள்ளவர்கள் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்துக் கொண்டுவரலாம். கடையில் மாவு வாங்கி நாலு இட்லி ஊற்றினால், காலைச் சாப்பாடு முடிந்தது. சட்னிக்குத் தேங்காய் உடைக்க வேண்டாம். பொடியோடு நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் எள்ளையும் நல்லெண்ணெயையும் அடுத்தவர் கையிலிருந்து வாங்க மாட்டார்கள், அதை விட்டுவிடுங்கள். எதில் போட்டுக் கொடுப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெருங்கியவர்களுக்குத் தூக்குவாளி, அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஒரு முறை வந்துபோவார்கள், வாளியும் வெறுமனே வராது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாத டப்பா. அறிமுகமில்லாதவர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு வேலைதான்.

பழம் வாங்கினால் கொஞ்சம் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள். விருந்தன்று யாருக்கும் பழம் இறங்காது. இரண்டு நாள் கழித்துப் பழுத்தால் நிதானமாகச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கம் திண்டுக்கல் சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு சீப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சோழவந்தான் வெற்றிலையும் 2023-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கறி விருந்து என்றால் நல்ல கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி, கொஞ்சம் சீவல், ஒரு டப்பி சுண்ணாம்பு. அடுப்படிக்கு ஒரு வேலையும் இல்லை. சாப்பிட்டவர்கள் சுற்றி உட்கார்ந்து அவரவரே மடித்துக்கொள்வார்கள், பேச்சும் நீளும். மிஞ்சியதை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாளும் வாடாது.

இனிப்பே கொண்டுபோக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், நீங்கள் போய்வந்த ஊரின் இனிப்பைக் கொண்டுபோங்கள். கோவில்பட்டி வழியாக வந்தால் கடலைமிட்டாய். கடலையும் வெல்லமும்தான், ஒரு மாதம் டப்பாவில் கிடந்தாலும் கெடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்தால் பால்கோவா. காரம் என்றால் மணப்பாறை முறுக்கு. மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. கால் கிலோ போதும். "வர்ற வழியில உங்க ஞாபகம் வந்துச்சு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுங்கள். ஏழரை மணிக்கு வாங்கிய ஒரு கிலோப் பெட்டியோடு அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கே வாய் வராது.

பூவைப் பற்றிச் சொல்லாமல் மதுரைக்காரி மடலை முடிக்க முடியாது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெயில் ஏறுவதற்குள் மொட்டாகப் பறித்துவிடுவார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரும்போதும் மொட்டுத்தான், கட்டும்போதும் மொட்டுத்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் விரியத் தொடங்கும். இரவு விருந்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ ஏது? பூச்சாடி தேட வேண்டாம். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சாமி படத்துக்கு ஒரு கண்ணி, மீதி தலைக்கு.

என் வீட்டுக்காரர் 2016-இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு விருந்துக்கு வருகிறவர்கள் பூவை மருமகள் கையில் கொடுப்பார்கள். கொடுக்கும்போது என் பக்கம் பார்க்க மாட்டார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த நேரம் பார்த்து, தண்ணீர் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விடுவேன்.

போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது நர்ஸாக இருக்கிறாள், சாப்பிட வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாள். "டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்காதீங்க. மல்லி வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். உங்களுக்கும் சேர்த்து வாங்கவா, வேண்டாமா?"

உடனே எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து, "ரெண்டு முழம் வாங்கு" என்றேன்.

வந்தாள். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இலை போட உள்ளே போய்விட்டாள். நான் கண்ணாடி பார்க்காமலே வைத்துக்கொண்டேன். ரசம் ஊற்றுவதற்காகக் குனிந்தபோது வாசம் எனக்கே வந்தது, அதற்குள் விரிந்திருந்தது. என் வயதில் இன்னொருத்தர் "வேண்டாம்மா" என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லியிருந்தால் அவளும் வாங்காமல் வந்திருப்பாள். அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே கேளுங்கள். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "என்ன வாங்கிட்டு வர?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம், நீங்க வந்தாப் போதும்" என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?", "முட்டை போட்ட கேக் சாப்பிடுவீங்களா?", "காபியில சிக்கரி போடுவீங்களா?" இவற்றுக்கெல்லாம் உண்மையான பதில் வரும்.

வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. நோன்பு திறக்க அழைத்திருந்தால் நல்ல பேரீச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள், பாங்கு சொல்வதற்குள் போய்ச் சேருங்கள். பாரிசில் இருக்கும் என் நாத்தனார் மகள், அலுவலகத் தோழி வீட்டு விருந்துக்கு மங்கலமாக இருக்கட்டும் என்று மஞ்சள் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பிரான்சில் செவ்வந்தி கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டமெல்லாம் அதுதான். தோழி சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாளாம். முன்பே ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு அவசியம் இருந்திருக்காது.

கடைசியாக ஒன்று. மறுநாள் காலைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காலையில் எங்களைவிட அதிகம் கஷ்டப்படுகிற ஒருவர் உண்டு. தினமும் ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. நமக்கு விருந்து, அவருக்கு மூன்று மடங்குப் பாத்திரம், அடிப்பிடித்த குழம்புச் சட்டி உட்பட. மல்லி வாங்கி வந்த அந்த மாணவி கிளம்பும்போது பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். அரைக் கிலோ கொய்யாப்பழம். "இது காலையில வர்ற அக்காவுக்கு டீச்சர்" என்றாள். இத்தனை வருடத்தில், அப்படி ஒருவர் இருக்கிறார் என்று நினைத்து வந்த விருந்தாளி அவள் ஒருத்திதான். மறுநாள் அக்காவிடம் கொடுத்தபோது, "எனக்கா? யாரு குடுத்தா?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக விருந்து போடுகிற எனக்கே அது தோன்றியதில்லை. அன்றிலிருந்து விருந்துக்கு மறுநாள் அவருக்குத் தனியாகக் கூலி எடுத்து வைக்கிறேன்.

வரிசையில் நிற்கும் அன்பர்களே, உங்கள் முறை வந்துவிட்டது. கடைப் பையன் உங்களைத்தான் பார்க்கிறார். இன்றைக்கு நேரமில்லை, சரி, வாங்கிக்கொள்ளுங்கள். கலந்து வேண்டாம், ஒரே வகை, கால் கிலோ, அட்டையில் தேதி பார்த்து. அடுத்த முறை யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், முந்தின நாளே அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எங்கள் வீடு என்றால் 200 கிராம் காபித்தூள், நூற்றுக்கு இருபது சிக்கரி, ரெண்டு முழம் மல்லி.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு தமிழாசிரியை